வண்டியில் என் கைத்தப்பு இல்லை

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. காலை ஆறு மணிக்கே வண்டியைக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தேன். சர்வீஸ் ஸ்டேஷன்காரன் கழுவுவதெல்லாம் ஒரு கழுவலா? மேலே நுரையை அடித்து அனுப்பிவிடுவான். என் பிக்கப்புக்குப் பதினாறு வயது. இன்றைக்கும் பானட்டைத் தூக்கிக் காட்டினால் பார்க்கிறவன் வாயைப் பிளப்பான். எல்லாம் என் கை வேலை. டிரைவர் அத்தியப்பன் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறான், அவனைக்கூட நான் கழுவ விடுவதில்லை.

இன்ஜினுக்குத் தண்ணீர் அடிக்க ஒரு முறை உண்டு. பேட்டரிக்குப் பிளாஸ்டிக் பை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற காற்றுக்குழாயின் வாய்க்குத் துணி. அந்த வழியாகத்தான் இன்ஜின் மூச்சு வாங்குகிறது, அதற்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. என் வீட்டுக்காரி பாவாயியின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து இறுக்கமாகத் திணித்தேன். பாதி கழுவிக்கொண்டிருக்கும்போது கொல்லிமலை அடிவாரத்து வண்டி ஸ்டாண்டின் தலைவர் சின்னராசு பைக்கில் வந்துவிட்டான். பூசணிக்காய் யார் வாங்குவது, பொரி யார் வாங்குவது என்று ஒரே ரகளையாம். சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நான் போகாமல் அங்கே ஒரு எலுமிச்சம்பழம்கூட நகராது. மீதியை அவசரமாக அலசி, பேட்டரிப் பையை உருவிப் போட்டுவிட்டு, அவன் பின்னால் ஏறிப் போனேன். வீடு திரும்பும்போது மத்தியானம். முழங்கால் வீங்கிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நல்லபடியாக முடிந்தது. அடிவாரத்தில் பதினான்கு வண்டிகளும் வரிசையாக நின்றன. என் வண்டிதான் பளபளப்பு. சின்னராசு எல்லோர் முன்பும் சொன்னான், "செங்கோட்டண்ணன் வண்டியப் பாத்துக் கத்துக்கங்கடா" என்று. அத்தியப்பன் சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அவனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். சட்டை கொஞ்சம் பெரிது.

அக்டோபர் 14, திங்கள்

பூஜைக்குப் பிறகு முதல் லோடு. கொல்லிமலை மேலே செம்மேட்டுக்கு இருபது மூட்டை சிமெண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவும் என் வண்டிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அத்தியப்பன் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பினான்.

"அண்ணா, வண்டி ஏற மாட்டேங்குதுங்க. இருவதாவது வளைவுலயே ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துருச்சு. கரும்பொகையா அடிக்குது. காத்துப் பத்தாமத் திணர்ற மாதிரி இருக்குதுங்க."

"காத்தா? நாலு நாளைக்கு முன்னாலதான்டா நானே கழுவி வெச்சேன்."

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஃபில்டர் புதுச்சட்டை மாதிரி இருந்தது. அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்தக் கொழாயையும் ஒருக்காக் கழட்டிப் பாத்தரலாங்களா?"

"எனக்கே வண்டி கத்துக் குடுக்கறயா நீ?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவன் ஃபில்டரைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 22, செவ்வாய்

இழுவை இன்னும் வரவில்லை. சும்மா நிற்கும்போது இன்ஜின் பூப்போல ஓடுகிறது. லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் தனசேகரனிடம் விட்டேன். டீசல் ஃபில்டரை மாற்றினான். ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, "தூசியே இல்லீங்கண்ணா. இந்தப் பழைய வண்டிய உங்களாட்ட வெச்சுக்கறவங்க யாரு இருக்காங்க?" என்றான். மலைப் பாதைத் தூசியில் பத்து நாள் ஓடிய ஃபில்டர்! மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 23, புதன்

அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

டீசல் குடிக்கிறது. முன்பு இரண்டு நடைக்கு வந்தது இப்போது ஒன்றரை நடைக்குக்கூட வருவதில்லை. தனசேகரன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டான், "டீசல்ல ஏதாச்சும் கலக்குதுங்களாண்ணா? மண்ணெண்ணெ சேந்தாலும் இப்பிடித்தான் இழுக்காது." அவன் பெயர் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் வண்டி இருப்பது யார் கையில்? எனக்கு முழங்கால் போனதிலிருந்து சாவி அத்தியப்பனிடம்தான்.

பாவாயியிடம் சொன்னேன். "அத்தியப்பனா? நீங்க ஆப்பரேசனுக்குக் கெடந்தப்ப ஒரு வாரம் ஆசுபத்திரி வராண்டாவுல படுத்துக் கெடந்தவனுங்க அவன்" என்றாள். பெண்களுக்கு இன்ஜின் விஷயம் என்ன தெரியும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அத்தியப்பன் பலகாரம் கொண்டுவந்தான். வாங்கி வைத்தேன். சரியாகப் பேசவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சீட்டுக்குப் பின்னால் ஒரு கேன் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய்.

கேட்டதற்கு, "மேல வாழவந்தி பக்கம் ஒரு பாட்டிம்மா வீட்டுக்குங்க. கரண்ட் போனா வெளக்குக்கு வேணும்னு கேட்டாங்க. வாங்கிக் குடுத்துட்டுக் கேனைக் கொண்டாந்தேன்" என்கிறான். எந்த வீடு என்று கேட்டால் சொல்கிறான், நான் போய்ப் பார்க்கவா முடியும்? இந்த முழங்காலோடு அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறவா?

டீசலை மலையில் விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி டேங்கை நிரப்புகிறான். வேறென்ன? எல்லாம் பொருந்துகிறது. புகை, இழுவை, டீசல் செலவு, கேன். சொந்தத் தம்பி மாதிரி வைத்திருந்தேன் அவனை.

நவம்பர் 8, வெள்ளி

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் மீது சந்தேகம் வந்தால் போலீஸுக்குப் போவதில்லை. அடிவாரத்துக் கருப்பண்ணார் கோயிலில் கற்பூரம் ஏற்றுவோம். தப்பு செய்யாதவன் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வேலைக்குப் போகலாம். அணைக்காதவன் பெயர், டிரைவர்களின் முறை எழுதுகிற ஸ்டாண்டுக் கரும்பலகையில் இருந்து போய்விடும். பலகையில் பெயர் இல்லாதவனுக்கு இந்த அடிவாரத்தில் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள்.

எல்லோரும் வந்திருந்தார்கள். என் வழக்கு என்பதால் சின்னராசுதான் பேசினான். தட்டில் கற்பூரம் எரிந்தது. அத்தியப்பன் கையை நீட்டவில்லை.

"நான் வெக்க மாட்டனுங்க. பன்னண்டு வருசம் ஓட்டுனவன் வாய்ல சொல்றது பத்தலைன்னா, கற்பூரம் சொல்லி என்ன ஆவப்போவுது?"

கூட்டத்தில் சலசலப்பு. அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க அணைப்பீங்களாண்ணா? வண்டியில உங்க கைத்தப்பு ஒண்ணுமில்லீன்னு?"

எனக்கென்ன தயக்கம்? முன்னால் போய்ப் பட்டென்று கையை வைத்தேன். "வண்டியில் என் கைத்தப்பு இல்லை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். சுடவே இல்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தான்.

பலகையில் அவன் பெயரை நான்தான் அழித்தேன். சங்க நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் வழக்கமாக எழுதுகிறபடி எழுதினேன்: நம்பிக்கை மோசம், நீக்கம்.

நவம்பர் 9, சனி

கையைப் பார்த்தேன். ஒரு சிவப்புக்கூட இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

வேறு ஆள் வைக்க மனம் வரவில்லை. நானே ஓட்டிப் போனேன். முப்பத்தேழாவது வளைவில் வண்டி நின்றே போய்விட்டது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இரண்டு கார். கிளட்ச்சை மிதிக்கிற முழங்காலில் ஊசி ஏற்றினாற்போல வலி. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். "எங்கீங்க உங்க அத்தியப்பன்?" என்று கேட்டார். லீவு என்றேன்.

அவன் போய்ப் பத்து நாள் ஆகிறது. டேங்கைக் காலி செய்து, நானே முன்னால் நின்று பெட்ரோல் பங்க்கில் டீசல் பிடித்தேன். இருந்தும் இப்படி. தனசேகரனிடம் கேட்டால், மண்ணெண்ணெய் டீசல் பம்ப்பை அரித்திருக்கும், ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான் என்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்?

டிசம்பர் 3, செவ்வாய்

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் நான்கையும் கழற்றி நாமக்கல்லில் டெஸ்ட் செய்து மாட்டியாயிற்று. முன்னேற்றம் இல்லை. புகை மட்டும் நன்றாக வருகிறது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். பாவாயி விளக்கு வைத்துக்கொண்டே சொன்னாள். அத்தியப்பன் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அட்டை தூக்குகிறானாம். அங்கேயும் வேன் இருக்கிறதாம். டிரைவர் வேலை கேட்டானாம். பண்ணைக்காரர் அடிவாரத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, வண்டியைத் தர மாட்டேன், வேணுமானால் சுமை தூக்கு என்றாராம்.

"யாருகிட்ட விசாரிச்சாராம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

என்னிடம்தான் விசாரித்தார்.

டிசம்பர் 20, வெள்ளி

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன். அத்தியப்பன்.

"கோவம் இருக்கட்டுங்கண்ணா. மூணு தரம் வண்டி மேட்டுல நின்னுருச்சுன்னு கேள்விப்பட்டேன். அந்த ஹெட்லைட்டுப் பின்னால இருக்கற கொழாயக் கழட்டிப் பாத்தீங்களா? ஃபில்டர் அத்தனை சுத்தமா இருக்கறது எனக்குச் சரியாப் படலீங்க. காத்து வந்தாத்தான தூசி வரும்?"

நான் கட் செய்துவிட்டேன். சுமை தூக்குகிறவன் எனக்கு வண்டி சொல்லித் தருகிறான். சாதத்தில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிறகுதான் குழம்பு ஊற்றவில்லை என்று பார்த்தேன்.

ஜனவரி 8, புதன்

பம்ப்பை இறக்கி முழுசாக வேலை செய்து ஏற்றிவிட்டான் தனசேகரன். இதோடு சரியாகிவிடும் என்று சத்தியம் செய்கிறான். ஸ்டாண்டில் எல்லோரும் கேட்டார்கள். பரவாயில்லை, இழுக்கிறது என்று சொல்லிவைத்தேன். உண்மையில் இழுக்கவில்லை. இத்தனை செய்த பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியற்காலையில் தெருவில் எல்லோரும் பழையதைப் போட்டு எரித்தார்கள். பொங்கலுக்கு வண்டியைக் கழுவலாம் என்று கிணற்று மேட்டுக்கு ஓட்டிப் போனேன். பேட்டரிக்குப் பை. காற்றுக்குழாய் வாயில் துணி வைக்கப் போனபோது விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. இடுக்கியை விட்டு இழுத்தேன். குழாயின் வளைவுக்குள் உறிஞ்சிப்போய் இறுகியிருந்தது. ஒரு முழத் துணி, தூசியும் பிசுக்குமாகக் கறுத்துப்போய் வந்தது.

யார் வைத்ததோ. எல்லோரும்தான் இந்த வண்டியில் கை வைத்தார்கள்.

வீட்டு வாசலில் நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதில் போட்டுவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் குப்பென்று எரிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தது என்று பாவாயிக்குச் சந்தோஷம்.

ஜனவரி 15, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 20, திங்கள்

இருபது மூட்டை சிமெண்டோடு எழுபது வளைவும் ஏறிவிட்டேன். ஒரு இடத்தில்கூட ஃபர்ஸ்ட் கியர் போடவில்லை. புகை இல்லை. பதினாறு வயது வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பத்தேழாவது வளைவில் நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே சமவெளி முழுக்க வெயில். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் ஏதோ விழுந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஸ்டாண்டில் தனசேகரனுக்கு மாலை போடாத குறை. "பம்ப்பு வேலைன்னா அவன்தான்" என்கிறார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பிழைப்பைக் கெடுப்பானேன்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பாவாயி இட்லித் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை.

"போகியன்னிக்கு நெருப்புல என்னத்தப் போட்டீங்க?"

"பழைய துணி."

"அரக்குக் கரை போட்ட துணி. என்ற சீலை. ஆயுத பூசைக்கு முன்னால நீங்க கிழிச்சுட்டுப் போனது. மறு பாதி இன்னும் பரண் மேல கெடக்குது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அது எப்பிடிங்க அத்தனை கறுப்பாச்சு?"

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"சொல்லிப்போடுங்க" என்றாள். "அந்த மனுசன் மூணு மாசமா முட்டை தூக்கறான்." எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பிப்ரவரி 1, சனி

இந்த நோட்டிலாவது எழுதுகிறேன்.

துணியை வைத்தது நான். எடுக்க மறந்தது நான். கழற்றிப் பார்க்கலாமா என்று முதல் நாளே கேட்டவனைத் திட்டியது நான். கோயிலில் கையை வைத்து, என் கைத்தப்பு இல்லை என்றதும் நான். அன்று தெரியாமல் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போகியன்று தெரிந்துதான் நெருப்பில் போட்டேன். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்தத் துணி ஒன்றுதான் அத்தியப்பன் திருடன் இல்லை என்பதற்குச் சாட்சி. அதைத்தான் எரித்தேன். பயந்துவிட்டேன். செங்கோட்டண்ணன் வண்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்ன வாய்கள் என்ன சொல்லுமோ என்று பயந்துவிட்டேன். அறுபது வயதாகப் போகிறது எனக்கு.

நாளை ஸ்டாண்டில் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லா டிரைவர்களும் இருந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். துணி, குழாய், நான் மறந்தது, போகி. திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

சின்னராசு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? அவன் கஷ்டப்படறான்னு கேள்விப்பட்டு, பழியத் தூக்கி உங்க தலைமேல போட்டுக்கறீங்க."

"இல்ல சின்னராசு, நெசமாத்தான் சொல்றேன்."

"துணி எங்கீங்கண்ணா?"

"எரிச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. பாசமாகச் சிரித்தார்கள். தனசேகரனுக்குத்தான் கோபம். "துணியாம் துணி. ராப்பகலா பம்ப்பு வேலை பாத்தது நானு. போன மாசம் எட்டாம் தேதியே இழுக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான். ஆமாம், நான்தான் சொன்னேன்.

கற்பூரம் கொண்டுவாருங்கள், சத்தியம் செய்கிறேன் என்றேன். சின்னராசு பதறிப்போய் என் கையை அழுத்திப் பிடித்தான். "வேண்டாங்கண்ணா. அன்னிக்கு அணைச்சதும் நீங்கதான். ஒருத்தனைக் காப்பாத்தறதுக்காவப் பொய்ச்சத்தியம் பண்ணிச் சாமிகுத்தம் தேடிக்காதீங்க. நீங்க சேக்கணும்னா சேத்துக்கலாம். யாரு உங்க பேச்சுக்கு மறுபேச்சுப் பேசப் போறோம்?"

அத்தியப்பன் பெயரைப் பலகையில் அவனே எழுதினான். பக்கத்தில், செயலாளர் பெருந்தன்மையால் மன்னித்துச் சேர்ப்பு என்றும் எழுதினான். அந்த வரியை அழி என்றேன். "பாருங்கடா, இதான் மனுசன்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். நானே அழிக்கப் போனேன். டஸ்டரைக் கையில் இருந்து பிடுங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கோழிப்பண்ணைக்குப் போனேன். அத்தியப்பன் வேனில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

"வாங்கண்ணா. நேத்தே போன் பண்ணிச் சொன்னாங்க. அண்ணன் உன்னைய மன்னிச்சுட்டாருன்னு."

"அத்தியப்பா, மன்னிப்பு நான் கேக்கணும்." முழுவதையும் சொன்னேன். ஸ்டாண்டில் சொன்னதை விடவும் கஷ்டமாக இருந்தது. துணி என்றதும் மட்டும் தலையை ஆட்டினான். அவனுக்குப் புதுச் செய்தி இல்லை. மூன்று மாதமாக அந்தக் குழாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

"அந்தத் துணி இருக்குதுங்களா?"

"போகியில போட்டுட்டேன்."

கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே இரைச்சல்.

"அதை ஒரு காயிதத்துல சுத்தி வெச்சிருந்தீங்கன்னா நானே கொண்டுபோயி ஸ்டாண்டுல விரிச்சுக் காட்டியிருப்பேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "இப்ப மன்னிச்சுச் சேத்த பேரு எனக்கு வேண்டாங்கண்ணா. மன்னிச்சாங்கன்னா திருடுனேன்னுதான அர்த்தம்?"

"நான் மறுபடியும் சொல்றேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் போயிச் சொல்றேன்."

"சொல்லாதீங்க." முதல் தடவையாக என் தோளைத் தொட்டான். "தயவுபண்ணி இனி யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா. நீங்க சொல்லச் சொல்ல உங்க பேருதான் பெருசாவுது. என்ற பேரு இன்னும் கீழ போவுது."

உள்ளே இருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியவன் நின்றான்.

"வண்டி இப்ப நல்லா இழுக்குதுங்களா?"

"இழுக்குது."

"சந்தோசமுங்க" என்றான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அது அவன் முகத்தில் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் ஓட்டிய வண்டி. அட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அவனிடமே அழுதிருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

பாவாயி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பரண் மேல் இருந்த மறு பாதியை இறக்கி வந்து என் முன்னால் வைத்தாள். இதைக் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்று கேட்டேன். "சுத்தமான துணியக் காட்டி யாரு நம்புவாங்க?" என்றாள். அவளும் அழுதாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சோளக்காட்டுக்கு லோடு. டீக்கடையில் இறங்கினால் இடம் கொடுக்கிறார்கள். மலை மேல் வரைக்கும் செய்தி போயிருக்கிறது. கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். "உங்களாட்டம் ஆளுங்க இருக்கறதாலதான் மழை பெய்யுது" என்றார். டீயைக் குடிக்க முடியவில்லை. பலகையில் அத்தியப்பன் பெயர் அப்படியே இருக்கிறது. முறை வரும்போதெல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். "அண்ணன் மன்னிச்சும் வர மாட்டேங்கறானே, எத்தனை திமிரு" என்று ஒருவன் சொன்னதை என் காதால் கேட்டேன். வாயைத் திறந்தேன். அத்தியப்பன் சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சின்னராசு தலைவர் பதவியில் இருந்து இறங்குவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த தலைவராக ஒரே ஒரு பெயரைத்தான் முன்மொழிவேன் என்றான். என் பெயர். சத்தியத்தைவிட மனுஷனைப் பெரிதாக நினைத்தவர் என்று பேசினான். பதினான்கு வண்டிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். தனசேகரன்கூட நின்றான்.

காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.